4கே என்று விற்ற மானிட்டருக்குள் 1080பி திரை: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் கடிதம்

அனுப்புநர்
உங்கள் 32 அங்குல மானிட்டரை வாங்கிய கல்லூரி மாணவி

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மானிட்டரின் உண்மையான ரெசல்யூஷனை (திரையில் உள்ள பிக்சல்கள் என்னும் நுண்புள்ளிகளின் எண்ணிக்கையை) மறைத்து விற்றது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் 32 அங்குல மானிட்டரை உங்கள் இணையதளத்திலேயே வாங்கினேன். விற்பனைப் பக்கத்தின் தலைப்பிலும் பெட்டியின் முன்பக்கத்திலும் '4கே சப்போர்ட்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 4கே என்றால் திரையில் 3840×2160 பிக்சல் இருக்க வேண்டும். உள்ளே இருப்பது 1920×1080 பிக்சல் கொண்ட 1080பி திரை. இதைப் பற்றி உங்கள் சேவைப் பிரிவுக்குப் பலமுறை எழுதிவிட்டேன். 'மானிட்டர் 4கே சிக்னலை ஏற்றுக்கொள்கிறது, எனவே பொருளில் குறை இல்லை' என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்கு மானிட்டர் தேவைப்பட்டது படிப்புக்காக. ஒரு பக்கம் பாடப் பிடிஎஃப், இன்னொரு பக்கம் நான் எழுதும் கட்டுரை, இரண்டும் ஒரே நேரத்தில் முழுப் பக்கமாகத் தெரிய வேண்டும். என் லேப்டாப்பின் 1920×1080 திரையில் அது முடியாது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்தும், பகுதி நேர வேலையில் வந்ததைச் சேர்த்தும் ஒரு தொகை வைத்திருந்தேன். அதற்குள் எது நல்லது என்று பார்க்க நிறையவே படித்தேன். மாணவர்கள் இந்த மாதிரி ஒரு பொருளை வாங்கினால் படிப்பு முடியும்வரை அதுதான். பிடிக்கவில்லை என்று அடுத்த மாதம் வேறொன்று வாங்க முடியாது.

அப்படிப் படித்ததில் முதலில் புரிந்தது, அங்குலத்தை மட்டும் பார்த்து மானிட்டர் வாங்கக் கூடாது என்பது. 24 அங்குலத் திரையில் 1920×1080 என்றால் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல் வரும். அதே பிக்சல்களை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறையும். 32 அங்குலத்தில் வெறும் 69. மாறாக 27 அங்குலத்தில் 2560×1440, அதாவது 1440பி இருந்தால் 109 கிடைக்கும். 32 அங்குலத்தில் 3840×2160, அதாவது 4கே இருந்தால் 138. எனவே என் பட்டியலில் கடைசியில் நின்றவை இரண்டுதான். ஒன்று, நீங்களே விற்கும் 27 அங்குல 1440பி மானிட்டர். மற்றொன்று, அதைவிடக் கொஞ்சம் குறைந்த விலையில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருந்த இந்த 32 அங்குல மானிட்டர்.

விலையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால் விவரப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். அதில் 'அதிகபட்ச ரெசல்யூஷன்: 3840×2160' என்று இருந்தது. திரையின் சொந்த ரெசல்யூஷன், அதாவது திரையிலேயே உண்மையில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்ற வரியே இல்லை. பயனர் கையேட்டை இறக்கிப் பார்க்கலாம் என்றால் அந்தப் பக்கத்தில் அதற்கு இணைப்பும் இல்லை. எனவே உங்கள் சாட்டில் நேராகவே கேட்டேன்: 'இதன் திரை உண்மையிலேயே 4கே-யா?' உங்கள் ஊழியர் 'ஆமாம், 4கே சப்போர்ட் உண்டு' என்று எழுதினார். அந்த உரையாடலின் நகலை இணைத்திருக்கிறேன். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டு, உங்களிடமிருந்தே பதில் பெற்று, அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

மானிட்டர் வந்ததும் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். விண்டோஸ் அமைப்பில் 1920×1080-க்குப் பக்கத்தில்தான் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று வந்தது. மானிட்டரே கணினிக்குத் தன்னைப் பற்றி அனுப்பும் தகவலில் இருந்துதான் இந்தப் பரிந்துரை வருகிறது. அதாவது என்னிடம் சொல்லாத உண்மையை மானிட்டர் என் லேப்டாப்பிடம் சொல்லிவிட்டது. 3840×2160-ம் அந்தப் பட்டியலில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்தெல்லாம் பொடியாகி மங்கிவிடுகிறது. அளவைக் கூட்டினாலும் தெளிவு வரவில்லை. அதோடு அந்த ரெசல்யூஷனில் 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கிறது, அதாவது படம் நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது, மவுஸ் அம்பு விட்டு விட்டு நகர்கிறது. பழைய வகையான எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே-க்கு 30 ஹெர்ட்ஸ்தான் வரம்பு, 60 வேண்டுமானால் 2.0 வேண்டும். எந்த வகை போர்ட் என்பதையும் உங்கள் பக்கம் சொல்லவில்லை.

உங்கள் சேவைப் பிரிவு கேபிளை மாற்றச் சொன்னது, கணினியின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னது. இரண்டையும் செய்தேன். அப்புறம், இது கேபிள் பிரச்சினை இல்லை என்பதை உறுதியாகக் காட்ட இரண்டு சோதனைகள் செய்தேன். இவற்றை உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறி வரும் கோடுகள் கொண்ட படத்தை 3840×2160 அளவில் உருவாக்கி, அதே ரெசல்யூஷனில் முழுத்திரையில் வைத்தேன். உண்மையான 4கே திரையாக இருந்தால் கிட்டப்போய்ப் பார்க்கும்போது கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதில் திரை முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது. நான்கு பிக்சலின் தகவலை ஒரு பிக்சலில் காட்டும்போது கறுப்பும் வெள்ளையும் கலந்து அப்படித்தான் ஆகும். 1920×1080-க்கு மாற்றி, அந்த அளவில் செய்த கோடுகளைப் போட்டால் அவை கச்சிதமாகத் தெரிகின்றன.

இரண்டாவது சோதனைக்கு மென்பொருளே தேவையில்லை. திரையின் மேல் அடிக்கோலை வைத்து, போன் கேமராவில் நன்றாக நெருங்கிப் படம் எடுத்தேன். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்று எண்ணினால் 27 வருகிறது. 32 அங்குல 4கே திரையில் அதே ஒரு சென்டிமீட்டரில் 54 இருக்க வேண்டும். அந்தப் படமும் இணைப்பில் உள்ளது. கண்ணால் எண்ணக்கூடிய விஷயத்தில் கருத்து வேறுபாட்டுக்கு இடம் இருக்காது என்று நம்புகிறேன்.

'4கே சிக்னலை ஏற்றுக்கொள்கிறது' என்ற உங்கள் பதிலுக்கு வருகிறேன். 1080பி திரை உள்ள போனிலும் 4கே வீடியோ ஓடும். அதனால் அந்தப் போனின் திரை 4கே ஆகிவிடாது. உங்கள் மானிட்டரும் சுமார் 83 லட்சம் பிக்சலுக்கான தகவலை வாங்கி, சுமார் 21 லட்சம் பிக்சலில் சுருக்கிக் காட்டுகிறது. வாங்குபவர் பணம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியும் திரைக்கு. உள்ளே போகும் சிக்னலுக்காக யாரும் மானிட்டர் வாங்குவதில்லை.

இதனால் எனக்கு என்ன நஷ்டம் என்று உங்கள் பிரிவில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன். என் லேப்டாப்பும் 1920×1080, இந்த மானிட்டரும் 1920×1080. லேப்டாப்பில் தெரிந்ததைவிட ஒரு வரிகூட இதில் கூடுதலாகத் தெரியவில்லை. எல்லாம் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு ஏ4 பக்கம் முழுவதையும் திரையின் உயரத்துக்குள் கொண்டுவந்தால், மேலே கீழே உள்ள பட்டைகள் போக, 10 பாயிண்ட் அளவு எழுத்து ஒன்றுக்குச் சுமார் 11 பிக்சல் உயரம்தான் மிஞ்சுகிறது. ஆங்கில எழுத்தைச் சிரமப்பட்டாவது படித்துவிடலாம். தமிழுக்கு அது போதவே போதாது. ணை, ஞூ, றூ போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடுகிறது, க எது க் எது என்று பார்க்க முன்னால் குனிய வேண்டியிருக்கிறது. அதே பக்கத்தை 1440பி திரையில் வைத்தால் எழுத்துக்கு 15 பிக்சல் கிடைக்கும், உண்மையான 4கே-யில் சுமார் 24. நான் தமிழிலும் படிக்கிறேன், தமிழிலும் எழுதுகிறேன். பிக்சல் கணக்கை இத்தனை கவனமாகப் பார்த்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்றும் யோசனை சொன்னார்கள். சாதாரணப் பார்வை உள்ள கண் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும் என்று கொள்வது வழக்கம். அந்தக் கணக்கில் இந்தத் திரையின் பிக்சல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போக ஏறத்தாழ 1.25 மீட்டர் தள்ளி உட்கார வேண்டும். 27 அங்குல 1440பி என்றால் 80 சென்டிமீட்டர் போதும், 32 அங்குல 4கே-க்கு 65 கூட வேண்டாம். படிப்பு மேசையில் கீபோர்டில் கை வைத்துக்கொண்டு 1.25 மீட்டர் தள்ளி உட்கார யாராலும் முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். 32 அங்குல 1080பி மானிட்டர் விற்பதில் எந்தத் தவறும் இல்லை. அறையின் மறுபக்கத்தில் இருந்து படம் பார்க்கவும் கேம் விளையாடவும் அது நல்ல பொருள்தான், குறைந்த விலைக்குப் பெரிய திரை கிடைக்கிறது. அதை 1080பி என்று சொல்லி விற்றிருந்தால் வேண்டியவர்கள் வாங்கியிருப்பார்கள், நான் உங்களுடைய மற்ற மானிட்டரை வாங்கியிருப்பேன். உங்களுக்கும் வியாபாரம் போயிருக்காது.

பெட்டியின் மீது இருக்கும் வேறு சிலவற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றிலும் ஒரே முறைதான் தெரிகிறது. மிக வெளிச்சமான பகுதியையும் மிக இருண்ட பகுதியையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் 'எச்டிஆர்' என்று இருக்கிறது, ஆனால் உங்கள் பட்டியலே வெளிச்சம் 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்கிறது. திரைகளுக்குத் தரநிலை வகுக்கும் வெசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்டிஆர் சான்றிதழில் தொடக்கப் படிக்கே உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் வேண்டும். பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் '1 மில்லி செகண்ட்' என்பது எந்த முறையில் அளந்தது என்று எழுதவில்லை. 'பத்து லட்சத்துக்கு ஒன்று' என்ற கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்), திரையின் பின்விளக்கைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் எண், திரையின் இயல்பான கான்ட்ராஸ்ட் அது ஆகாது. இவற்றுக்காக நான் பணம் கேட்கவில்லை. 4கே-யைப் போலவே இங்கேயும் சிக்னலையும் அமைப்பையும் திரையின் தரமாகக் காட்டியிருக்கிறீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கோரிக்கை இதுதான். மானிட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும், எடுத்துச்செல்லும் செலவும் உங்களுடையதாக இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்துவிட்டதால் அதே மாடலைத்தான் மாற்றித் தர முடியும் என்று உங்கள் பிரிவு சொன்னது. அதே மாடலில் இன்னொன்று வந்தாலும் அதே திரைதான் வரும். பெட்டியைத் திறந்து இயக்காமல் யாராலும் இந்த உண்மையைக் கண்டுபிடித்திருக்கவும் முடியாது. மானிட்டரில் ஒரு கீறலும் இல்லை, ஸ்டாண்ட், கேபிள், தெர்மாகோல் எல்லாம் அப்படியே வைத்திருக்கிறேன். பணமாகத் தருவதில் சிக்கல் இருந்தால், நீங்கள் விற்கும் 27 அங்குல 1440பி மானிட்டரைத் தாருங்கள். விலையில் உள்ள வித்தியாசத்தை நான் கட்டிவிடுகிறேன்.

அதோடு விற்பனைப் பக்கத்தையும் திருத்த வேண்டும். திரையின் சொந்த ரெசல்யூஷன் விவரப் பட்டியலின் முதல் வரியிலேயே வர வேண்டும், எச்டிஎம்ஐ எந்த வகை என்பதும் கையேட்டின் இணைப்பும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். என் பணம் திரும்ப வந்தாலும் இந்தக் கோரிக்கையை நான் கைவிட மாட்டேன். விலையைக் குறைந்ததில் இருந்து வரிசைப்படுத்தி, அளவைப் பெரிதாக வைத்துத் தேடினால் முதலில் கண்ணில் படுவது இந்த மானிட்டர்தான். அப்படித் தேடுபவர்களில் மாணவர்களே அதிகம் இருப்பார்கள். கையில் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் சரியான தகவல் அதிகம் தேவை.

ரசீது, சாட் உரையாடல், விண்டோஸ் அமைப்பின் படம், கோடு சோதனையின் படங்கள், அடிக்கோல் வைத்து எடுத்த படம், பெட்டியின் முன்பக்கப் படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் தாருங்கள். தானாக வரும் பதிலாக இல்லாமல், இணைப்புகளைப் பார்த்த ஒருவர் எழுதியதாக அது இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் இதே ஆவணங்களோடு நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுப்பேன்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(ஆர்டர் எண்ணும் மானிட்டரின் வரிசை எண்ணும் ரசீது நகலில் உள்ளன)