உயிர் மீட்டவர்களுக்கும், பின்னும் உடன் நின்றவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

2022 ஆவணியில் ஒரு கல்யாணச் சமையலை முடித்துவிட்டு இருசக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்த என் கணவர், திண்டிவனம் புறவழிச்சாலையில் தூக்கி வீசப்பட்டார். அங்கே இளநீர் விற்றுக்கொண்டிருந்த அண்ணனுக்கே என் முதல் நன்றி. சோடாவை வாயில் ஊற்ற வந்தவர்களைத் தடுத்து, ஆட்டோவில் மடக்கி ஏற்றவும் விடாமல், 108 வண்டி வரும்வரை அவருடைய தலையும் கழுத்தும் அசையாதபடி இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார் அவர். நினைவிழந்தவருக்கு ஊற்றும் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும் என்பதும், கழுத்தெலும்பு முறிந்திருந்தால் ஓர் அசைவே கைகால்களை முடக்கிவிடக்கூடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மருத்துவமனையில் கிளாஸ்கோ அளவில் அவருக்கு 7 என்றார்கள். கண் திறத்தல், பேச்சு, உடலசைவு மூன்றையும் வைத்து 3 முதல் 15 வரை கணக்கிடும் அந்த அளவில், 8-உம் அதற்குக் குறைவும் கடுமையான தலைக்காயம். அன்றிரவே மண்டையோட்டைத் திறந்து, கட்டிக்கிடந்த இரத்தத்தை அகற்றிய மருத்துவர்களையும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களையும், முதல் 48 மணி நேரச் செலவுக்குக் கைகொடுத்த அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தையும் எங்கள் குடும்பம் மறக்காது.

ஆயினும் இம்மடலை எழுத வைத்தது அதற்குப் பிந்தைய காலம்தான். நடந்தார், பேசினார், தையல் தழும்பை முடி மறைத்தது. பார்த்தவர்கள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டார் என்றார்கள், நானும் நம்பினேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார், பாத்திரம் உருண்டால் சீறுவார், கேட்டதையே கேட்பார், நண்பகலுக்குள் களைத்துச் சுருண்டுவிடுவார். அலட்சியம் என்று எண்ணி நான் சண்டையிட்ட நாள்கள் பல, அவற்றை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. திட்டமிடுவதற்கும் சினத்தை அடக்குவதற்கும் வேண்டிய நெற்றிப்புற மூளை கன்றிப்போயிருப்பதை ஸ்கேன் படத்தில் காட்டி, "இது அவர் குணமில்லம்மா, காயம்" என்று பொறுமையாகச் சொன்ன மறுவாழ்வுப் பிரிவு மருத்துவருக்கு நான் பட்ட கடன் பெரிது. அவர் அதைச் சொல்லியிராவிட்டால் எங்கள் இல்லறம் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மூக்கின் மேற்புறச் சல்லடை எலும்பின் வழியே மூளைக்குச் செல்லும் மெல்லிய நரம்பிழைகள் அடிபட்ட வேகத்தில் அறுந்துபோனதால், அவருக்கு மணம் அறவே தெரிவதில்லை. முப்பது ஆண்டு தாளிப்பு மணத்தில் வாழ்ந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு எது? எங்கள் வீட்டில் எரிவாயு கசிகிறதா என்று இரவுதோறும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும் எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி சொல்லச் சொற்கள் போதவில்லை.

அவருடைய சமையல் குழுத் தம்பிகளே, உங்களுக்கு என்ன சொல்வேன்! ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் அவரிடம் தந்தீர்கள். செய்ய வேண்டியவற்றை அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினீர்கள். மதியம் அவர் படுத்துக்கொள்ள ஓசையில்லாத மூலை ஒன்றை ஒதுக்கினீர்கள். காலையில் சொன்னது மறந்தாலும், 500 இலைக்கு எத்தனை படி அரிசி என்ற பழைய கணக்கு அவருக்கு இன்றும் பிசகுவதில்லை என்பதைக் கண்டுபிடித்து, அந்தப் பொறுப்பை அவரிடமே திருப்பித் தந்தவர்களும் நீங்கள்தான். சென்ற முகூர்த்தத்தில் அவர் கரண்டியுடன் நின்றபோது, உங்களில் இளையவன் அருகில் வந்து, "மாஸ்டர், பெருங்காயம் வாசம் வந்துடுச்சு" என்று மெல்லச் சொன்னதை நான் கேட்டேன்.

நன்றியுடன்,
உங்கள் மாஸ்டரின் மனைவி