ஃபெடோராவை அழிப்பதற்கு முன்

அன்புள்ள கீதா,

உன் கணினியில் இருக்கும் ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றி, "இது எனக்கு ஒத்து வராதுடி, அழிச்சுட்டுப் பழைய உபுண்டுவுக்கே போறேன்" என்று நீ அனுப்பியதைப் படித்தேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால்தான் கடிதம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிரல்களை நிறுவும் ஆப்ட் கட்டளை வேலை செய்யவில்லை என்று உனக்குக் கோபம். அது டெபியன் என்ற லினக்ஸ் குடும்பத்துக் கருவி. உபுண்டு அந்தக் குடும்பம், ஃபெடோரா வேறு. இங்கே அந்த வேலைக்கு டிஎன்எஃப் இருக்கிறது. சில பேக்கேஜ்களுக்கு, அதாவது நிறுவும் நிரல் தொகுப்புகளுக்கு, பெயரும் மாறும். அங்கே அபாச்சி2 என்றிருக்கும் வெப் சர்வர் இங்கே ஹெச்டிடிபிடி. பெயர் பிடிபடாவிட்டால் டிஎன்எஃப் செர்ச் போட்டுப் பார். டிஎன்எஃப் ஹிஸ்டரி உனக்கு நிச்சயம் பிடிக்கும். எந்த நாளில் எதை நிறுவினாய், எதை நீக்கினாய் என்று எண் போட்டு வைத்திருக்கும். வேண்டாத எண்ணைச் சொல்லி அண்டூ கொடுக்கலாம். கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டு வைத்தவளாயிற்றே நீ!

சில வீடியோக்கள் ஓடாததும் பழுதில்லை. காப்புரிமைச் சிக்கல் உள்ள கோடெக்குகளை, அதாவது வீடியோவை ஓட்ட உதவும் நிரல்களை, ஃபெடோரா தன் மென்பொருள் களஞ்சியத்தில் வைப்பதில்லை. ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்தால் அவை கிடைக்கும். அதோடு நிறுத்திக்கொள், கண்ட களஞ்சியத்தையெல்லாம் சேர்க்காதே.

எனக்குக் கவலை தந்தது உன் மூன்றாவது புகார்தான். வீட்டு ஃபோல்டரில் எழுதிய பக்கத்தை வெப் சர்வரின் ஃபோல்டருக்கு நகர்த்தினாய், அனுமதியெல்லாம் சரியாக இருக்கிறது, பிரவுசர் மட்டும் "அனுமதி இல்லை" என்கிறது. உடனே யாரோ எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவலை அணைத்துவிடச் சொன்னார்களாம். கீதா, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே.

எஸ்இலினக்ஸ் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்டது. ஃபெடோராவில் நிறுவியதிலிருந்தே அது இயங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் உண்டு. எந்த நிரல் எந்த லேபிளைத் தொடலாம் என்பதற்குத் தனி விதி; நீ பார்த்த வழக்கமான அனுமதிகளுக்கும் மேலே இது ஒரு காவல். எம்வி கட்டளை போட்டு நகர்த்தினால் ஃபைல் தன் பழைய லேபிளோடே போகும். சிபி கட்டளை போட்டு நகலெடுத்திருந்தால் போய்ச் சேரும் ஃபோல்டருக்கு உரிய லேபிள் கிடைத்திருக்கும். உன் பக்கத்தில் இன்னும் "வீட்டு ஃபைல்" என்ற லேபிள்தான் இருக்கும், வெப் சர்வருக்கு அதைப் படிக்க உரிமை கிடையாது. எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் பார், லேபிள் கண்ணில் படும். நிர்வாகி உரிமை தரும் சூடோவோடு ரெஸ்டோர்கான் கட்டளையைப் போட்டு, உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் சேர பெரிய ஆர் (-R) சேர்த்து அந்த ஃபோல்டரைக் காட்டு, சரியாகிவிடும். ஒரே வரி!

நாளைக்கே அந்த வெப் சர்வரில் ஓர் ஓட்டை வழியாக யாராவது நுழைந்தாலும், உன் படங்களையும் கடிதங்களையும் அவன் எடுக்க முடியாமல் தடுப்பது இதே காவல்தான். பழுது இதனால்தானா என்று சந்தேகம் வந்தால் செட்என்ஃபோர்ஸ் 0 கொடுத்துக் காவலைத் தற்காலிகமாகத் தளர்த்திச் சோதித்துவிட்டு, உடனே 1 கொடுத்துத் திரும்பிவிடு. நிரந்தரமாக அணைக்கச் சொல்பவர்கள் உன் கணினியைக் காக்கப் போவதில்லை.

அப்புறம், அப்டேட்டுக்குப் பிறகு திரை இருண்டு நின்றால் பதறாதே. ஃபெடோரா வழக்கமாக இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 3 பதிப்புகளை வைத்திருக்கும்; கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம்.

உபுண்டுவுக்கே திரும்ப நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்கப் போவதில்லை. சுமார் 6 மாதத்துக்கு ஒரு புதிய ஃபெடோரா வரும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதம்தான். உபுண்டுவின் எல்டிஎஸ் என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு 5 வருடம். ஆண்டுக்கு ஒரு முறையாவது பதிப்பு மாற்றுவது உனக்குத் தொந்தரவு என்றால் தாராளமாகப் போ, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆப்ட் இல்லை என்பதற்காக மட்டும் போகாதே.

உன் லேப்டாப்பில் இருப்பது என்விடியா கிராஃபிக்ஸ் கார்டா? பதிலில் மறக்காமல் எழுது. கணினி தொடங்கும்போதே நம்பகமான நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்குகிறதா என்றும் பார்த்துச் சொல். அந்தக் கார்டின் டிரைவரை நிறுவும் முறை அதைப் பொறுத்து மாறும், விவரமாக அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
சாந்தி