கழித்துப் போடும் சில்லுகளைக் காத்துத் தாருங்கள்: வைரத் தொழிலினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சூரத் நகரின் வைரப் பட்டறை உரிமையாளர்கள்,
இரத்தினம் மற்றும் நகை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் பொறுப்பாளர்கள்.

பெருமதிப்பிற்குரியீர்,

உலகில் பட்டை தீட்டப்படும் வைரக் கற்களில் பத்துக்கு ஒன்பது சூரத்தைக் கடந்தே செல்கின்றன என்பது உங்கள் தொழில் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் இந்த வேண்டுகோளை முன்வைக்கிறேன். அறுத்தெடுக்கும்போது கழிக்கப்படும் சில்லுகளில் உட்பொதிவு (கல்லுக்குள் சிறைப்பட்ட வேற்றுக் கனிமத் துகள்) உள்ளவற்றையும், கரும்புள்ளி மிகுதி என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளப்படும் சிறு கற்களில் ஒரு பகுதியையும், எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தவை என்ற குறிப்போடு, புவியின் ஆழத்தை அறியும் ஆய்வுக்கென ஒதுக்கித் தாருங்கள். மடலைத் தமிழில் எழுதக் காரணம், உங்கள் கற்களை வாங்கி அணியும் தமிழ்நாட்டு மக்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே. குஜராத்தி வடிவம் தனியே வந்து சேரும்.

250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய பழங்கண்டப் பகுதிகளைப் புவியியலார் கிரேட்டான் என்பர். தென்னாப்பிரிக்காவின் காப்வால், சைபீரியா, கனடாவின் ஸ்லேவ், நம் தார்வார் ஆகியவை அத்தகையவை. இவற்றின் அடியில், புவியின் கவசத்துக்குள் (மேலோட்டுக்குக் கீழுள்ள தடித்த பாறை அடுக்குக்குள்), 200 கிலோமீட்டருக்கு மேலும் இறங்கிய குளிர்ந்த பாறை வேர் ஒன்று உண்டு. குளிர்ந்த பாறை கனமானது. அது மூழ்கிப் போயிருக்க வேண்டும். மூழ்காமல் இருப்பதற்கு வேதியியலே காரணம். இளம் புவியின் கடும் வெப்பத்தில் அப்பாறையிலிருந்து பெருமளவு உருகிப் பிரிந்து மேலே போனபோது இரும்பு, கால்சியம், அலுமினியம் ஆகியவற்றின் பெரும்பங்கு அதனுடன் சென்றுவிட, மெக்னீசியம் மிகுந்த, எடை குறைந்த எச்சம் மட்டும் அடியில் தங்கிற்று. குளிர்ச்சியால் கூடிய அடர்த்தியை இந்தக் குறை ஈடுகட்டியது. வேர் என்றென்றும் நிலைக்கும் என்பதும் இல்லை. வட சீனத்தில் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் மேலெழுந்த கிம்பர்லைட் எரிமலைக் குழம்பு தடித்த வேரின் துண்டுகளையும் வைரத்தையும் சுமந்து வந்தது. அதே நிலப்பகுதியில் அண்மைக் காலத்து எரிமலைகள் கொண்டு வந்த பாறைகளோ மெல்லிய, இரும்புச் சத்துக் குறையாத கவசத்தையே காட்டுகின்றன. இடைப்பட்ட காலத்தில் அங்கே வேர் கரைந்துவிட்டது.

மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அது 12 கிலோமீட்டரைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. ஆகவே கவசத்தின் வேதியியலை அறிய, அதுவாக மேலே வந்த பொருளை நம்பியாக வேண்டும். கிம்பர்லைட்டில் வரும் பாறைத் துண்டுகள் வரும் வழியிலேயே குழம்போடு கலந்து மாறிவிடுகின்றன. வைரத்துக்குள் சிறைப்பட்ட கனிமத் துகள் அப்படி மாறுவதில்லை. வைரம் எதனோடும் எளிதில் வினைபுரியாது. தான் வளர்ந்தபோது மூடிய கதவைப் பிறகு திறப்பதும் இல்லை.

உங்கள் மேசையில் அன்றாடம் காணும் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கல்லின் நடுவே மணல் துகளிலும் சிறிய ஓர் உலோகப் பளபளப்பு; அதைச் சுற்றித் தட்டையாக விரிந்த கருவட்டம். நடுவில் இருப்பது இரும்பு, நிக்கல், கந்தகம் சேர்ந்த சல்பைடு. கல் ஆழத்திலிருந்து எழுந்து அழுத்தம் குறையும்போது சல்பைடு வைரத்தை விட மிகுதியாக விரிவதால் சுற்றிலும் விரிசல் விழுகிறது; அதுவே கருவட்டமாகத் தெரிகிறது. பழைய இரத்தின நூல்கள் காகபாதம், களங்கம் என்று வகுத்த குற்றங்களின் வரிசையில் இதற்கும் இடம் கிடைத்திருக்கும். உங்கள் தரம் பிரிப்பாளர் அந்தக் கருமையைக் கண்டதும் விலையைக் குறைக்கிறார். அவர் கணக்கில் அது சரியே. ஆனால் அந்தச் சல்பைடுக்குள் ரீனியம் என்னும் தனிமம் மிக மெதுவாக ஆஸ்மியமாக மாறிக்கொண்டிருக்கிறது. அவ்விரண்டின் ஐசோடோப்புகளை அளந்தால் கல்லின் பிறந்த காலம் கிடைத்துவிடும். ஊதா நிறக் கார்னெட் பொதிவுகளிலும் வேறு தனிமங்களைக் கொண்டு இவ்வாறு கணக்கிடலாம். 1984-இல் கிம்பர்லி, ஃபின்ஷ் ஆகிய தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களின் வைரங்களை அப்படி ஆராய்ந்தபோது 320 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது தெரிந்தது. கிம்பர்லிக் கற்களை மேலே கொண்டு வந்த எரிமலைக்கோ 9 கோடி ஆண்டு வயதுதான்.

இத்தகைய அளவீடுகளைத் திரட்டிய ஸ்டீவன் ஷைரீ, ஸ்டீபன் ரிச்சர்ட்சன் என்னும் புவி வேதியியலார் இருவரும் 2011-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட வைரங்களில் கவசப் பாறையின் கனிமங்கள் மட்டுமே உள்ளன; அதற்குப் பிற்பட்டவற்றில்தான் எக்லோகைட், அதாவது கடல்தளம் புதைந்து உருமாறிய பாறையின் கனிமங்கள் தலைகாட்டுகின்றன. கண்டங்கள் பிரிவதும் மோதுவதும் இன்றைய முறையில் தொடங்கிய காலத்தை இதிலிருந்து மதிப்பிட்டனர். நகைக்கடை ஏறாத கற்களே இதற்குச் சான்று நின்றன.

வேரின் அடிப்பகுதிக்கும் கீழே இன்னும் சுவையான செய்தி உண்டு. ஆழம் கூடக் கூடக் கவசத்தில் எளிதில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அங்குள்ள கார்னெட் போன்ற கனிமங்கள் ஆக்சிஜனேறிய இரும்பைத் தம்முள் இழுத்துக்கொள்ள, ஈடாக எஞ்சிய இரும்பின் ஒரு பங்கு ஆக்சிஜனை இழந்து தனி உலோகமாகப் பிரிகிறது. 250 கிலோமீட்டர் அளவில் நிக்கல் மிகுந்த உலோகக் கலவை தோன்றும் என்று கோட்பாடும் ஆய்வகச் சோதனைகளும் கூறி வந்தன. புதைந்து இறங்கும் கடல்தளத்திலிருந்து உருகி வரும் கார்பனேட் திரவம் அந்த உலோகத்தைச் சந்தித்தால், உலோகம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, கார்பன் வைரமாக உறையும். இது நடக்கும் தறுவாயிலேயே பிடிபட்ட கற்கள் தென்னாப்பிரிக்காவின் வூர்ஸ்பூட் சுரங்கத்திலிருந்து கிடைத்துள்ளதாக 2025-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்: நிக்கல் மிகுந்த உலோகமும் நிக்கல் மிகுந்த கார்பனேட்டும் கண்ணுக்குத் தெரியாத நுண்பொதிவுகளாக ஒரே கல்லில், 280 முதல் 470 கிலோமீட்டர் ஆழத்துக்குரியவையாக இருந்தன.

சில்லுகளைக் கேட்பது வீண் ஆசை அன்று என்பதற்கு உங்கள் தொழிலிலேயே முன்மாதிரி உண்டு. லெசோத்தோவின் லெட்செங் சுரங்கத்துப் பெருங்கற்கள் களங்கமற்றவை என்று பெயர் பெற்றவை; அவற்றை ஆய்வுக்காக உடைக்க எவரும் சம்மதியார். பட்டை தீட்டியபின் எஞ்சிய கழிவுத் துண்டுகளையே ஈவன் ஸ்மித் என்னும் வைர ஆய்வாளரும் உடனுழைத்தவர்களும் கேட்டுப் பெற்றனர். அவற்றுள் இரும்பு, நிக்கல், கார்பன், கந்தகம் உறைந்த உலோகத் துளிகளும், அவற்றைச் சுற்றி மீத்தேன், ஹைட்ரஜன் ஆகியவற்றின் மெல்லிய படலமும் இருந்தன. கல்லினன் போன்ற பெருவைரங்கள் 360 முதல் 750 கிலோமீட்டர் ஆழத்தில் திரவ உலோகத்திலிருந்து பிறந்தவை என்று 2016-இல் உலகம் அறிந்தது அந்தக் கழிவிலிருந்துதான். பட்டை தீட்டுகையில் கச்சாக் கல்லின் எடையில் ஏறக்குறையப் பாதி போய்விடும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் பெரும்பகுதி தூளாகிறது; துண்டாக எஞ்சும் சிறுபகுதியைத்தான் கேட்கிறேன்.

இடையூறு எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். பல சுரங்கங்களின் கற்கள் ஒரே பொட்டலத்தில் கலந்து வருகின்றன. பிறந்த இடம் தெரியாத கல்லிலிருந்து எந்தக் கண்டத்தின் வரலாற்றையும் எழுத முடியாது. ஆனால் 2024 முதல் ரஷ்ய வைரங்களைத் தடுக்க ஜி-7 நாடுகள் பிறப்பிடச் சான்றை வற்புறுத்தத் தொடங்கிய பின், கல்லின் வழியைப் பதிவு செய்யும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே வேரூன்றி வருகிறது. சுங்கத்துக்காக எழுதும் அதே குறிப்பை ஒரு சிறு காகித உறையின் மேலும் எழுதுவதில் கூடுதல் உழைப்பு அதிகம் இல்லை. கச்சாக் கல்லை அறுக்குமுன் அதன் பொதிவுகளை முப்பரிமாணத்தில் வரைந்து தரும் கருவிகள் பல பட்டறைகளில் உள்ளன. அந்த வரைபடத்தின் நகல் சில்லோடு சேர்ந்து வந்தால், எந்தப் பொதிவு கல்லின் நடுவில் முதலில் சிறைப்பட்டது, எது விளிம்பில் பின்னர் வந்தது என்பதும் புலப்படும். வாங்குவோர், விற்போர் பெயரோ விலையோ தேவையில்லை. தொழில் இரகசியம் கெடாது.

இதில் உங்களுக்கு என்ன இலாபம் என்ற கேள்வியும் நியாயமே. ஆய்வகத்தில் வளர்த்த வைரங்களால் இயற்கை வைரத்தின் விலை சரிந்துள்ள இக்காலத்தில் உங்கள் விளம்பரங்கள் ‘கோடானுகோடி ஆண்டுகள்’ என்ற சொல்லையே நம்பியிருக்கின்றன. அந்தச் சொல்லுக்கு ஆதாரமான அளவீடுகள் எல்லாம் நீங்கள் குறை என்று விலை தள்ளும் பொதிவுகளிலிருந்து வந்தவை. உயர் அழுத்தத்தில் வளர்த்த செயற்கைக் கல்லிலும் உலோகத் துளி காணப்படலாம். 300 கோடி ஆண்டுச் சல்பைடு காணப்படாது.

முதலாண்டில் எல்லாச் சுரங்கங்களும் வேண்டாம். பிறப்பிடம் ஐயமின்றித் தெரிந்த ஒரே ஒரு சுரங்கத்தின் கற்களில் தொடங்குங்கள். மத்தியப் பிரதேசத்தின் பன்னாவை அடுத்த மஜ்கவான் சுரங்கமானால் நம் நாட்டுக் கவசத்தின் செய்தியே முதலில் கிடைக்கும். உறைகளை எங்கே சேர்ப்பது, எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு எந்த முறையில் பகிர்வது என்பதைக் கவுன்சிலே ஒரு சிறு குழு அமைத்து முடிவு செய்யலாம். அதுவரை, கருவட்டம் சூழ்ந்த சல்பைடுள்ள சில்லுகளையேனும் அரைத்துத் தூளாக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
புவி வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்