செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: காதால் படிக்கும் வாசகருக்கு நம் மின்தொகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இரு மாவட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் கல்லூரி நூலகர்களுக்கும் வணக்கம்.

2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. நம் கல்லூரி நூலகர் சங்கம் மட்டும் பிரியவில்லை. அதனால் பென்னாகரம் முதல் ஓசூர் வரை நடந்த வேலை இந்த ஒரே அறிக்கையில் வருகிறது. சந்தா, வரவு செலவு ஆகியவற்றைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்ட நடவடிக்கைகள் தீர்மானப் புத்தகத்தில் உள்ளன. எஞ்சிய உழைப்பு முழுவதும் ஒரே காரியத்துக்குப் போனது. பார்வையற்றோர், பார்வை குறைந்தோர், புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதோர், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் சிரமம் உள்ளோர் ஆகியோரும் நம் நூலக மின்தொகுப்பைப் படிக்க வழி செய்வதே அது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. மின்வடிவத் தகவல் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. இடம் கிடைத்து உள்ளே வரும் மாணவருக்கு நூலகம் கொடுப்பதோ, பெரும்பாலும் பக்கத்தின் புகைப்படம். ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிவிட்டால் மின்னூல் ஆகிவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அந்தக் கோப்பு வெறும் காலிப் பக்கம்.

உறுப்புக் கல்லூரிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்றே சோதனைகள் கேட்டிருந்தோம். பக்கத்தில் ஒரு வரியை மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுக்க முடிகிறதா? முழுப் பக்கமும் ஒரே கட்டமாக நீலமானால் அது படம். தேர்ந்தெடுத்த வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் தமிழாகவே வருகிறதா? அந்தக் கோப்புக்குள் ‘கொள்கை’ என்று, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டித் தேடினால் கிடைக்கிறதா? செலவில்லாத இந்தச் சோதனைகளிலேயே முக்கால்வாசி நோய் தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனையில் அதிகம் விழுபவை பழைய ஆய்வேடுகள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேட்டில் கண்ணுக்குத் தெரிவது ‘தமிழ்’. கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அவற்றைத்தான் உளறும், தேடுபொறியும் அவற்றைத்தான் அட்டவணைப்படுத்தும். வேர்டு கோப்பு கிடைத்தால் மருந்து எளிது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் யூனிகோடு வந்துவிடும். ஆனால் கோப்பை மொத்தமாகப் போடக்கூடாது. இடையிடையே உள்ள ஆங்கிலச் சொற்களையும் அந்த மென்பொருள் தமிழென்றே எண்ணிக்கொள்ளும். ‘புக்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது ‘டிழழம’ ஆகி நிற்கும். துணைநூற்பட்டியலில் இந்த விபத்து மிக மோசம். வேர்டில் எழுத்துருப் பெயரை வைத்துத் தேடி, பாமினிப் பகுதிகளை மட்டும் பிரித்து மாற்ற வேண்டும்.

யூனிகோடு என்றாலும் நிம்மதி இல்லை. சில பிடிஎஃப்களில் ‘கொ’வை நகலெடுத்தால் ஒற்றைக் கொம்பு முன்னால் வந்து, ககரமும் காலும் பின்னால் தனியே ஒட்டும். எழுத்து உச்சரிக்கும் வரிசையில் இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டிருப்பதே காரணம். இன்னொரு பழக்கம் வேர்டிலிருந்து ‘பிரிண்ட்’ வழியாக பிடிஎஃப் எடுப்பது. அதில் தலைப்பு, பட்டியல், அட்டவணை என்ற கட்டமைப்புக் குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். ‘சேவ் அஸ்’ வழியாக, அணுகலுக்கான கட்டமைப்புக் குறிகள் என்ற விருப்பத்தை டிக் செய்து எடுத்தால் அவை தங்கும். எப்படி எடுத்தாலும் மூல வேர்டு கோப்பையோ இபப் என்ற மின்னூல் கோப்பையோ பக்கத்தில் வைத்துவிடுங்கள். மலைக்கிராமத்தில் இருந்து செல்போனில் இறக்கும் மாணவருக்கு அதுவே தோது. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்த சாம்பல்நிற ஏ4 பக்கம் ஒன்று சுருக்குவதற்கு முன் 8 மெகாபைட்டைத் தாண்டும். முழு நூலின் வெறும் எழுத்து ஒன்றிரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கும்.

அச்சு நூல் மட்டுமே இருக்கும்போதுதான், ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு உரையாக்கும் ஓசிஆர் தேவைப்படுகிறது. இந்த ஆண்டின் பயிற்சி வகுப்புகளில் அதிக நேரம் எடுத்ததும் இதுதான். ஸ்கேன் 300 டிபிஐ போதும், அடிக்குறிப்பு பொடி எழுத்தாக இருந்தால் 400. கறுப்பு-வெள்ளை வேண்டாம், சாம்பல்நிறத்திலேயே எடுங்கள். கறுப்பு-வெள்ளையில் மெல்லிய புள்ளிகள் மறைந்து ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். பழுப்பேறிய தாளிலோ தூசியும் பூச்சி அரித்த ஓட்டையும் புதுப் புள்ளியாக ஏறும். தையல் ஓரம் வளைந்திருந்தால் வரியின் கடைசிச் சொற்கள் சிதையும். நூலைக் கண்ணாடியால் அழுத்தித் தட்டையாக்கி எடுப்பது எந்த மென்பொருளையும்விட நல்ல பலன் தருகிறது.

ஓசிஆர் மென்பொருளான டெசராக்ட் இலவசம். தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே இயக்கலாம். ஓசூர்ப் பக்க உறுப்பினர்கள் தெலுங்கு, கன்னட நூல்களுக்கு அந்தந்த மொழிக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். வழக்கமாக அது தடுமாறும் இடங்கள் தெரிந்திருந்தால் மெய்ப்பு (பிழைதிருத்தம்) வேகமாக நடக்கும். ரகரமும் காலும் இடம் மாறும். எ-ஏ, ஒ-ஓ குழம்பும். முன்னுரைப் பக்கங்களில் தமிழ் எண் ‘௧’ ககரமாகவும் ‘௨’ உகரமாகவும் வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும்.

இவற்றைவிடக் காதை அதிகம் உறுத்துவது வேறு. தமிழ் அச்சில் வரி முடிந்தால் சொல்லை இணைப்புக்குறி இல்லாமலேயே உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள். ஓசிஆர் அதை ‘படித்துக்கொண்’, ‘டிருந்தனர்’ என்று இரு துண்டாக விட்டுவிடும், திரைவாசிப்பான் நடுவில் மூச்சு வாங்கிப் படிக்கும். வரிமுறிவை நீக்கிய இடத்தில் இடைவெளி போடுவதா, ஒட்டுவதா என்பதைக் கருவியிடம் விட முடியாது. செய்யுளில் வரிமுறிவைத் தொடவே கூடாது. பக்கத் தலைப்பில் ஓடும் நூற்பெயரை நீக்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பக்க மாற்றத்திலும் வாக்கியத்தின் நடுவே நூற்பெயர் ஒலிக்கும். பக்க எண்ணை மட்டும் தனி வரியாக வைத்திருங்கள். மேற்கோள் காட்டும் மாணவருக்கு அது வேண்டும்.

நூலை ஸ்கேன் செய்ய ஒரு பகல் போதும். மெய்ப்புக்கு வாரங்கள் போகும். ஸ்கேனருக்கு நிதி கேட்கும் கருத்துருக்களில் மெய்ப்புக் கூலிக்கு ஒரு பத்தி கூட இல்லாததுதான் வருத்தம்.

மெய்ப்பு முடிந்ததும் வேர்டில் உள்ள தலைப்பு நடைகளை (ஹெடிங் ஸ்டைல்) போடுங்கள். எழுத்தைத் தடித்துப் பெரிதாக்கினால் மட்டும் அது தலைப்பு ஆகாது. அதியமானை ஔவை பாடிய புறநானூற்றுப் பாடல்களை எடுத்துக்கொள்வோம். பாடல் எண் இரண்டாம் நிலைத் தலைப்பு, திணை-துறை விளக்கமும் உரையும் மூன்றாம் நிலை என்று வைத்துவிட்டால், என்விடிஏயில் எச் விசையைத் தட்டியே மாணவர் பாடலுக்குப் பாடல் தாவலாம். ஆவண மொழியைத் தமிழ் என்று குறிப்பதும் அவசியம். குறிக்காவிட்டால் குரல் தானாகத் தமிழுக்கு மாறாது.

நம் பகுதித் தொகுப்புகளில் நடுகற்களின் படங்கள் நிறைய. அவற்றுக்கு ‘படம் 4’ என்றோ, ‘பழமையான அழகிய நடுகல்’ என்றோ மாற்றுரை (படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் விவரிப்பு) எழுதினால் பயனில்லை. ‘வலக்கையில் வாளும் இடக்கையில் வில்லும் ஏந்தி இடப்பக்கம் நோக்கும் வீரன், மார்பில் இரு அம்புகள், தலைக்கு மேல் ஐந்து வரி வட்டெழுத்து’ என்று கண்ணுக்குத் தெரிவதை எழுத வேண்டும். கல்வெட்டு வாசகத்தை மாற்றுரைக்குள் திணிக்காமல் படத்துக்குக் கீழே உரையாகவே கொடுங்கள். சொல் சொல்லாக நின்று கேட்க அப்போதுதான் முடியும். ஓரப் பூவேலைகளை அலங்காரம் என்று குறித்தால் திரைவாசிப்பான் அவற்றைத் தாண்டிச் செல்லும்.

டிஸ்பேஸ் மென்பொருளில் இணையக் களஞ்சியம் வைத்திருக்கும் கல்லூரிகளுக்குச் சில சொற்கள். படத்தில் தெரியும் எழுத்தைத் தட்டச் சொல்லும் கேப்ச்சாவை எடுத்துவிடுங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்று இருபது இணைப்புகள் இருந்தால் காதுக்கு இருபதும் ஒன்றுதான், ஆய்வேட்டின் தலைப்பையே இணைப்பாக்குங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கட்டும். நகலெடுக்கக் கூடாதென்று பிடிஎஃப்புக்குப் பூட்டுப் போடுகிறவர்கள், அக்ரோபாட்டில் திரைவாசிப்பானுக்கு அனுமதி என்ற பெட்டியைத் திறந்தே வைக்க வேண்டும். பக்கத்தின் குறுக்கே முத்திரை அடிப்பதை நிறுத்துங்கள், ஓசிஆர் அங்கேதான் தடுக்கி விழுகிறது.

பதிப்புரிமை பற்றி உறுப்பினர் பலர் கேட்டிருந்தனர். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை அணுகத்தக்க வடிவில் மாற்றவும், கல்வி, ஆய்வு, சொந்தப் படிப்புக்காக அவர்களுடன் பகிரவும் இடம் தருகிறது. லாப நோக்கு கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம், பிரதி பொதுச் சந்தைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே இந்தக் கோப்புகளைப் பொதுத் தளத்தில் திறந்து போடாமல் உள்நுழைவுக்குள் வையுங்கள். பார்வையற்றோருக்கும் அச்சைப் படிக்க இயலாதோருக்கும் நூல்கள் கிடைக்க வழி செய்யும் பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் முதலில் ஏற்ற நாடு இந்தியா. புதிதாக ஒரு நூலை எடுப்பதற்கு முன் அணுகத்தக்க நூல்களின் இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் தேடிவிடுங்கள். அங்கே இருப்பதை மீண்டும் ஸ்கேன் செய்வது வீண் வேலை.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு முன்வைக்கிறது. ஒன்று, ஆய்வேடு ஒப்படைக்கும்போது யூனிகோடு வேர்டு கோப்பும் வந்தால்தான் நூலகத்தின் நிலுவையின்மைச் சான்று தருவது என்று துறைகளைக் கேட்டுக்கொள்வது. உள்ளே வரும்போதே சரியாக வாங்கிவிட்டால் பிறகு ஓசிஆரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு, பாடநூல் பட்டியலைப் பருவம் தொடங்குவதற்கு இரு மாதம் முன்னரே துறைகளிடம் பெற்று, அந்தந்தக் கல்லூரியில் தேவைப்படும் மாணவர் படிக்கும் பாடத்தின் நூலுக்கு முதலிடம் தந்து மெய்ப்பு வேலையைக் கல்லூரிகளுக்குள் பங்கிடுவது. மெய்ப்புக் கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாமா என்பதில் செயற்குழுவில் இரு கருத்து இருக்கிறது. பொதுக்குழுவே முடிவு செய்யட்டும்.

தீர்மான வரைவு ஒவ்வொருவர் மேசையிலும் இருக்கிறது, அதன் வேர்டு கோப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போடப்பட்டுள்ளது. அறிக்கையை ஏற்று, தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்