சட்டப்பேரவைக்கும் ஆய்வாளர்கள் தேவை

ஆசிரியருக்கு,

தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைப் பாராட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இளைஞர்களைத் தேர்வு வைத்து எடுத்து, இரண்டு ஆண்டுகள் அரசுத் துறைகளோடு வேலை பார்க்க வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அறிவியல் ஆலோசனைக்கான தேவை இதோடு தீர்ந்துவிட்டது போலக் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியில்லை. அரசின் முக்கியத் திட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவர்களுடைய முதன்மையான வேலை. பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பும் 30. நான் பொறியியல் கல்லூரியில் ஆய்வு மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன். முனைவர் பட்டம் கையில் வரும்போது பலருக்கு அந்த வயது கடந்துவிடுகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உதவியாளர்களை அனுப்பும் டெல்லியின் 'லேம்ப்' திட்டத்தில் 25 வயதுக்கு மேல் சேரவே முடியாது.

ஆய்வாளர்களை நாடாளுமன்ற வேலைக்கு அனுப்புவதற்கென்றே அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு 1973இலிருந்து இருக்கிறது. அறிவியல் முன்னேற்றத்துக்கான அமெரிக்கச் சங்கம் முதல் ஆண்டில் ஏழு பேரை நாடாளுமன்ற அலுவலகங்களுக்கு அனுப்பியது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் அங்கே ஓராண்டு உட்கார்ந்து மசோதா படிப்பார்கள், விசாரணைக்குக் கேள்வி தயாரிப்பார்கள். பொறியாளர்களுக்கு முதுகலைப் பட்டமும் சில ஆண்டு அனுபவமும் போதும். அப்படிப் போன இயற்பியலாளர் ரஷ் ஹோல்ட், பிறகு தானே தேர்தலில் நின்று 16 ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

நம் ஊரில் இவர்கள் எங்கே தேவைப்படுவார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அப்போது சென்னையில் வந்த வெள்ளம் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018 ஜூலையில் பேரவையில் வைக்கப்பட்டது. வரத்து எவ்வளவு, இருப்பு எவ்வளவு, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவில் இன்னும் இடம் இருந்ததா, திறப்பதை முன்கூட்டியே தொடங்கியிருக்கலாமா? எல்லாமே நீரியல் கணக்கு. ஆளுங்கட்சி ஒன்று சொன்னது, எதிர்க்கட்சி ஒன்று சொன்னது. அந்த அட்டவணைகளைப் படித்து, துறைப் பொறியாளர்களிடம் அடுத்த கேள்வி என்ன கேட்க வேண்டும் என்று உறுப்பினருக்குச் சொல்ல ஆள் வேண்டாமா? துறைக்குப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். துறையைக் கேள்வி கேட்க வேண்டிய 234 பேருக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் என் கோரிக்கை அரசிடம் அல்ல, பேரவைத் தலைவரிடம். பேரவைச் செயலகத்தில், முதலில் தணிக்கை அறிக்கைகளைப் பரிசீலிக்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கு மட்டுமாவது, ஆய்வு மாணவர்களை அமர்த்தலாம். அமெரிக்க முறையை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. அங்கே நாடாளுமன்றத்துக்குப் போகும் பலருக்கு அறிவியல், பொறியியல் சங்கங்களே சம்பளம் கொடுக்கின்றன. அந்த வழி இங்கே வந்தால் நாளைக்கு ஒரு சிமெண்ட் கம்பெனி சம்பளம் கொடுக்க முன்வரும், வேண்டாம். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 1989 முதல் இயங்கும் அறிவியல் தொழில்நுட்ப அலுவலகத்தின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. முனைவர் பட்ட மாணவர்கள் மூன்று மாதம் வருகிறார்கள், பலருக்கு உதவித்தொகை பொதுப்பணத்திலிருந்து வருகிறது. ஒரு விஷயத்தை எடுத்து, இரு தரப்பையும் விசாரித்து, சுமார் நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுகிறார்கள். முன்னுரைக்கே நாற்பது பக்கம் எடுக்கும் எங்கள் மாணவர்களுக்கு அது தனிப் பயிற்சி!

மூன்று மாதத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு அரசியல் என்ன புரியும் என்று கேட்பார்கள். நியாயம்தான், பெரிதாகப் புரியாது. ஆனால் திங்கட்கிழமை குழு கூடுகிறது என்றால் ஞாயிறு இரவுக்குள் குறிப்பு தயாராக வேண்டும், 'மேலும் ஆய்வு தேவை' என்று முடித்தால் யாருக்கும் உதவாது என்பதெல்லாம் புரியும். பேராசிரியர்களான எங்களால் கற்றுக்கொடுக்க முடியாத பாடம் அது.

ஒரே ஒரு நிபந்தனை. எழுதும் குறிப்பு ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே நாளில் போக வேண்டும், பேரவையின் இணையதளத்திலும் போட வேண்டும். லண்டனில் அந்தக் குறிப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம்.

– பொறியியல் கல்லூரி ஆசிரியர், திருச்சி