பழைய நாளிதழுக்கு லேமினேஷன் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்த செய்தி தாங்கிய பழைய நாளிதழ்களைச் சேகரிப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், தாள் கைக்கு வந்ததும் லேமினேஷன் செய்துவிடச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து அதைத் திருத்தி வெளியிடுங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிக்க வழியில்லை. மரக்கூழ்க் காகிதத்தில் ஊறும் அமிலமும் வெளியேறாமல் உள்ளேயே அடைபட்டுத் தாளை நொறுக்கும். செல்லோடேப்பும் ஆகாது, அதன் பசை பழுப்பேறி எழுத்துக்குள் இறங்கிவிடும்.

குமரி மாவட்டத்தில் கடற்காற்றோடு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். தாளை மடிக்காமல் விரித்து, அமிலமற்ற அட்டையோடு பாலியஸ்டர் உறையில் வையுங்கள், பி.வி.சி. உறை கூடவே கூடாது. பீரோவை மழைச்சாரல் படும் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். ஈரத்தை உறிஞ்ச வைக்கும் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம்.

மறுஅச்சுத் தாள்கள் நிறையவே புழங்குகின்றன. அசல் தாள் ஓரத்திலும் மடிப்பிலும் கறுத்து, நடுவில் வெளிறியிருக்கும். தேநீரில் தோய்த்ததுபோல் முழுக்க ஒரே நிறமென்றால் சந்தேகப்படுங்கள். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், அந்நாளைய ஈய எழுத்து அச்சில் மை எழுத்தின் விளிம்புக்கு ஒதுங்கிக் கோடு கட்டியிருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பின்பக்கம் அச்சு அழுந்திய தடமும் தெரியும்.

தேதியையும் சோதியுங்கள். ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15. அமெரிக்கப் போர்க்கப்பல் மிசௌரியில் சரணடைவு ஆவணம் கையெழுத்தானது செப்டம்பர் 2. கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் முன்னது 1120, ஆவணி பிறந்துவிட்டதால் பின்னது 1121. திருவிதாங்கூர் அரசு 1938-இல் முத்திரை வைத்து மூடிய மலையாள மனோரமா நாளிதழ், கோட்டயத்தில் மறுபடி அச்சேறியது 1947 நவம்பரில்தான். 1945 ஆகஸ்ட் மனோரமா என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று, முதல் பக்கத்தில் செய்தி இல்லையென்று ஆக்கர் கடையில் (பழைய பொருள் கடையில்) தாளை ஒதுக்கிவிட வேண்டாம். 'தி இந்து' 1958 வரை முதல் பக்கத்தை விளம்பரத்துக்கே விட்டிருந்தது; லண்டன் 'டைம்ஸ்' 1966 மே வரை. போர் முடிந்த செய்தியை உள்பக்கத்தில்தான் தேட வேண்டும்.

பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் விரித்த தாள் தகரத்தோடு ஒட்டியிருந்தால், தண்ணீர் தெளித்து உரிக்காதீர்கள். துரு கரைந்து எழுத்தை மூடிவிடும். இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொண்டு, பெட்டியோடு வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தக்கலை.