மாத்திரையில் கட்டி எப்படிச் சுருங்குகிறது?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்குத் தலைவலி குறைந்து மாதவிடாயும் ஒழுங்காக வருகிறது என்று படித்ததும் பெரிய நிம்மதி. அறுவை சிகிச்சை இல்லாமல் வாரத்துக்கு இரண்டு முறை போடும் சின்ன மாத்திரையில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டி எப்படிச் சுருங்கும் என்று கேட்டிருந்தாய். நான் நாள் முழுக்க ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதே இந்தச் செல்களைத்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்கள் சுரக்க மேலிருந்து தூண்டுதல் வர வேண்டும். தங்கையின் கட்டி அதிகமாகச் சுரக்கும் புரோலாக்டின், அதாவது தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன், நேர் எதிர், மூளையின் ஹைபோதலாமஸ் என்ற பகுதி ஓயாமல் டோபமின் என்ற வேதிப்பொருளை அனுப்பி அதை அடக்கியே வைத்திருக்கிறது. தங்கை சாப்பிடும் காபர்கோலின் அந்த டோபமினின் வேலையைச் செய்கிறது. செல்லின் மேல் டோபமினைப் பிடித்துக்கொள்ளும் டி2 ஏற்பி என்ற புரதத்தில் அது ஒட்டியதும், உள்ளே செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு குறைகிறது, கால்சியம் நுழைவதும் குறைகிறது, கால்சியம் இல்லாவிட்டால் ஹார்மோன் நிரம்பிய நுண்பைகள் வெளியே கொட்ட முடியாது. அதனால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் புரோலாக்டின் அளவு இறங்கத் தொடங்கும். அப்புறம் மெல்ல புரோலாக்டின் மரபணுவும் அடங்கி, செல்லே சிறுத்துப்போகிறது. கட்டி சுருங்குவது பெரும்பாலும் இதனால்தான். செல்கள் எல்லாம் செத்துவிட்டன என்று அர்த்தமில்லை, ஆகவே மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அவளிடம் சொல்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ஆய்வுக்கூடங்களில் 1960-களிலிருந்து ஜிஎச்3 என்ற, எலியின் பிட்யூட்டரி கட்டியிலிருந்து எடுத்த செல்களை வளர்க்கிறோம், புரோலாக்டினும் வளர்ச்சி ஹார்மோனும் சுரப்பவை. அவற்றில் வேலை செய்யும் டி2 ஏற்பி இல்லை, எனவே டோபமினை ஊற்றினாலும் சுரப்பு அடங்காது. அந்த ஏற்பியின் மரபணுவை உள்ளே செலுத்தினால், அதே குடும்பத்துச் செல்கள் டோபமினுக்குக் கட்டுப்பட்டுவிடுகின்றன! சில நோயாளிகளுக்கு மருந்து சரியாக வேலை செய்யாததற்கும் கட்டியில் இந்த ஏற்பி குறைந்திருப்பது ஒரு முக்கியக் காரணம். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று அவர்களைத் திட்டுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அவளுக்குக் குமட்டல் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, காபர்கோலினுக்கு அது வழக்கம்தான், சாப்பாட்டோடு போட்டால் குறையும். ஆனால் கடையில் தானாக வாந்தி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு இரண்டும் அதே டி2 ஏற்பியை அடைப்பவை, புரோலாக்டினை ஏற்றிவிடும். மருத்துவரிடம் கேட்டுவிட்டு எனக்கும் எழுது, அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்து.

அன்புடன்,
மீனா